ஆல்-அனான் கூட்டம்: நாலு நட்சத்திரம், ஒன்று ஏன் குறைந்தது

விமர்சனம் எழுதுவது எனக்கு ஓய்வு பெற்றபின் வந்த பழக்கம். கண் ஆஸ்பத்திரி, மிக்ஸி ரிப்பேர் கடை, பஸ் ஸ்டாண்டு எதிரே உள்ள பரோட்டா கடை என்று எதையும் விட்டதில்லை. குடிக்கிறவர்களின் குடும்பத்தாருக்காக நடக்கும் இந்த ஆல்-அனான் கூட்டத்தைப் பற்றி மட்டும் ஒன்றரை வருடமாகத் தள்ளிப்போட்டேன். எழுதினால் வீட்டு விஷயம் வெளியே வரும். எழுதாவிட்டால் நான் அலைந்த மாதிரியே இன்னும் நாலு பேர் அலைவார்கள். அதனால் என் பெயரும் ஊர்ப் பெயரும் இல்லாமல் எழுதுகிறேன். அந்தக் கூட்டத்தின் விதியும் அதுதான்: பெயர் வெளியே வரக்கூடாது.

மின்வாரியத்தில் 34 வருடம் இருந்தேன். ஆரம்பத்தில் துணைமின் நிலையத்தில் ஷிப்ட், கடைசியில் லைன் இன்ஸ்பெக்டர். ஒரே பையன். வயது 31, லேத் பட்டறையில் சி.என்.சி. ஆப்பரேட்டர். நல்ல கைவேலைக்காரன். குடிக்கிறான். முதலில் சம்பள நாளில், அப்புறம் சனிக்கிழமைகளில், அப்புறம் கணக்கு இல்லை.

நான் கணக்கு வைத்தேன். துணைமின் நிலையத்தில் மணிக்கு ஒரு தடவை மீட்டர் பார்த்து லாக் புத்தகத்தில் எழுதிய கை சும்மா இருக்குமா? இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். தேதி, வந்த நேரம், நிலை, பணம். 'நிலை' என்ற கட்டத்தில் சுருக்கெழுத்து: நா என்றால் நார்மல், த என்றால் தள்ளாட்டம், வி என்றால் விழுந்தான். பதினாலு மாதம் ஒரு நாள் விடாமல் எழுதினேன். டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடும். என் ரத்த அழுத்தமும் அதே நேரத்துக்குத்தான் ஏறி இறங்கியது. 'பணம்' கட்டத்தில் மட்டும் பல நாள் கேள்விக்குறிதான். சம்பளத்தை நானே வாங்கி வைத்துக்கொள்கிறேன், ஏ.டி.எம். கார்டு என் பீரோவில். அப்படியும் குடிக்கக் காசு எங்கிருந்து வருகிறது? அந்தக் கேள்விக்குப் பின்னால் வருகிறேன்.

கூட்டத்துக்கு முன்னால் செய்து பார்த்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்களும் அவற்றில் ஏதாவது ஒன்றில் இப்போது நின்றுகொண்டிருக்கலாம்.

கார்த்திகையில் மாலை போட்டு விட்டோம். மாலை கழுத்தில் இருந்தவரை சொட்டு தொடவில்லை. மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றிய அன்றைக்கே விட்ட இடத்தில் ஆரம்பித்தான். பிறகு, அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள் என்று விளம்பரம் வருமே, அந்தப் பொடி. 3,500 ரூபாய், கூரியரில் வந்தது. சாம்பாரில் கலந்தோம். அவனுக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கு, மூன்றாம் நாள் குவார்ட்டர். பிறகு மனநல மருத்துவர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது: குடியை வெறுக்க வைக்க உண்மையிலேயே டைசல்பிராம் என்று ஒரு மாத்திரை உண்டு. ஆனால் சாப்பிடுகிறவருக்குச் சொல்லி, அவர் சம்மதத்தோடு, டாக்டர் பார்வையில்தான் கொடுக்க வேண்டும். தெரியாமல் கலந்து கொடுத்து, அவர் அதன் மேல் குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து. எங்கள் பொடியில் என்ன இருந்ததோ, வயிற்றுப்போக்கோடு போனது பாக்கியம்.

அதைவிடப் பெரிய முட்டாள்தனம் ஒன்று செய்தேன். வெள்ளிக்கிழமை இரவு அவனை அறையில் வைத்துப் பூட்டினேன். மூன்று நாள் குடிக்காமல் இருந்தால் பழக்கம் விட்டுப்போகும் என்று ஒரு கணக்கு. சனிக்கிழமை கை நடுக்கம், வியர்வை. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் வலிப்பு. ஆட்டோவில் அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டியூட்டி டாக்டர் சின்னப் பெண், என் பையன் வயதுகூட இருக்காது. ஊசி போட்டு முடித்துவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார். "தினமும் குடிக்கிறவங்களை வீட்ல திடீர்னு நிறுத்தக்கூடாதுங்க ஐயா. ஆஸ்பத்திரியில வெச்சு மருந்து கொடுத்துத்தான் நிறுத்தணும். இன்னும் ஒரு மணி நேரம் லேட்டா வந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" பதில் சொல்ல வாயில்லை.

பத்து நாள் வார்டில் இருந்தான். கிளம்புகிற அன்று அங்கிருந்த ஆலோசகர் அம்மா ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார். ஞாயிறு காலை 10.30, ஒரு தேவாலயப் பள்ளிக்கூடத்தின் முகவரி. "இது பையனுக்கு இல்லைங்க. உங்களுக்கும் அம்மாவுக்கும்."

எனக்குக் கோபம்தான் வந்தது. குடிக்கிறவன் அவன், கூட்டத்துக்குப் போகவேண்டியவன் நானா?

சீட்டு சட்டைப்பையில் மூன்று வாரம் கிடந்து, ஒரு தடவை துவைத்தும் காய்ந்தது. பிறகு போனேன். மாடிப்படி ஏறினால் இரண்டாம் வகுப்பு அறை. சுவரில் பெருக்கல் வாய்ப்பாடு, மயில் படம். குழந்தைகள் உட்காரும் குட்டை பெஞ்சு, முழங்கால் மார்பில் இடிக்கும். பதினோரு பேர், அதில் என்னைச் சேர்த்து ஆண்கள் இரண்டே பேர். ரிஜிஸ்டர் இல்லை, கையெழுத்து இல்லை, போன் நம்பர் கேட்கவில்லை. "வாங்கண்ணா, உட்காருங்க" என்றார் ஒரு அம்மா, கல்யாண வீட்டு வாசலில் நின்று அழைக்கிற மாதிரி.

கூட்டம் எப்படி நடக்கும் என்று கேட்பவர்களுக்கு: முதலில் மன அமைதிக்கான சின்னப் பிரார்த்தனை. அப்புறம் அறிமுக வாசகம், பிறகு பன்னிரண்டு படிகள் என்று அவர்கள் பின்பற்றும் வழிமுறை. அன்றைக்கு ஒரு தலைப்பு இருக்கும், கோபம், பயம், பணம் என்று. அதைப் பற்றி ஒவ்வொருவராகத் தன் அனுபவத்தைப் பேசுவார்கள், 'ஷேரிங்' என்பார்கள். நான் இன்னார், குடிநோயாளியின் மனைவி, குடிநோயாளியின் அம்மா என்று ஆரம்பிப்பார்கள். பேச விருப்பமில்லை என்றால் பேச வேண்டாம். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசக்கூடாது, பேசி முடித்தபிறகும் அறிவுரை சொல்லக்கூடாது. நம் ஊரில் நாலு பேர் கூடி ஒருத்தர் கஷ்டத்தைக் கேட்டுவிட்டு யாரும் அறிவுரை சொல்லாமல் எழுந்துபோவதை அதுவரை நான் பார்த்ததே இல்லை.

கட்டணம் கிடையாது. கடைசியில் ஒரு துணிப்பை சுற்றி வரும். பத்து ரூபாய் போடலாம், போடாமலும் இருக்கலாம். அறை வாடகைக்கும் டீக்கும் புத்தகத்துக்கும் அதுதான். வெளியாள் பணம் வாங்க மாட்டார்கள். உள்ளூர் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் நல்ல எண்ணத்தில் இருபது பிளாஸ்டிக் நாற்காலி தர முன்வந்தார். அவர் உறுப்பினர் இல்லை என்று நன்றி சொல்லி வேண்டாம் என்றுவிட்டார்கள். கொள்கை சரிதான். என் முழங்காலுக்கு மட்டும் அது புரியவில்லை.

இதை ஆரம்பித்த கதையை இரண்டாவது வாரம் கேட்டேன். அமெரிக்காவில் ஆக்ரன் நகரத்தில் 1935-ல் பில் என்பவரும் டாக்டர் பாப் என்பவரும் குடியை விட நினைப்பவர்களுக்காக ஏ.ஏ. என்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸைத் தொடங்கினார்கள். பில்லின் மனைவி லோயிஸ். கணவர் குடியை விட்டாயிற்று, இனி நிம்மதி என்று இருந்திருக்க வேண்டியவர். ஆனால் அவர் ஓயாமல் கூட்டத்துக்குக் கிளம்பியபோது கோபம் தாங்காமல் ஷூவை எடுத்து எறிந்தாராம். அப்போதுதான் அவருக்கு உறைத்ததாம்: குடி போன பிறகும் எனக்குள் இவ்வளவு ஆத்திரம் இருக்கிறதே, அப்படியானால் எனக்கும் வைத்தியம் வேண்டுமே என்று. 1951-ல் ஆன் என்ற தோழியோடு சேர்ந்து குடும்பத்தாருக்கென்று ஆல்-அனானைத் தொடங்கினார். பன்னிரண்டு படிகள் ஏ.ஏ.விலிருந்து எடுத்தவைதான். நம் பக்கத்திலும் இப்படி ஒரு கதை உண்டு. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கிய குடிநோய் சிகிச்சை மையம்தான் டி.டி.கே. மருத்துவமனை என்று நாம் சொல்வது. அங்கேயும் குடும்பத்தாருக்கு என்று தனியாக நிகழ்ச்சி உண்டு. குடித்தவருக்கு மருந்து கொடுத்தால் போதாது என்பதை இந்த இரண்டு பெண்களும் வீட்டுக்குள்ளிருந்தே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

புதிதாக வருகிறவர்களிடம் ஆறு கூட்டமாவது வந்து பாருங்கள், பிறகு வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள் என்பார்கள். இது முக்கியம். முதல் மூன்று கூட்டத்தோடு நான் நின்றிருந்தால் இந்த விமர்சனத்துக்கு ஒரு நட்சத்திரம்தான் கிடைத்திருக்கும். அந்த மூன்று வாரமும் நான் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டம் முடிவது பன்னிரண்டுக்கு, கடை திறப்பதும் பன்னிரண்டுக்கு. குடியை நிறுத்த வழி சொல்வார்கள் என்று காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்கள்: இந்த நோயை நீங்கள் உண்டாக்கவில்லை, உங்களால் அதைக் கட்டுப்படுத்த முடியாது, உங்களால் குணப்படுத்தவும் முடியாது. முதல் பாகம் ஆறுதல். மற்ற இரண்டையும் கேட்டால் எரிச்சல். பிறகு எதற்கு நான் பஸ் ஏறி வருகிறேன்?

அங்கே கேட்டதை வெளியே சொல்லக்கூடாது. அதனால் மற்றவர்கள் கதை எதுவும் இங்கே வராது. ஒன்றை மட்டும் இப்படிச் சொல்கிறேன். ஒரு கல்யாணம் பண்ணி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொந்தக்காரர்கள் சொல்லி, பையன் ஜாதகத்தைத் தரகரிடம் கொடுத்திருந்தேன். மூன்றாவது வாரம் ஒரு ஷேரிங் கேட்டேன். பேசியது யார், என்ன பேசினார் என்று சொல்லமாட்டேன். பஸ் ஸ்டாண்டிலிருந்தே தரகருக்குப் போன் போட்டு ஜாதகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

நாலாவது வாரம் என் மனைவியும் வந்தாள். அதுவரை "நம்ம வீட்டு அசிங்கத்தை ஊர்ல போய்ச் சொல்லணுமாக்கும்" என்றே இருந்தவள். அன்றைக்குத் தலைப்பு பணம். பேசமாட்டாள் என்று நினைத்தேன். புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே பேசினாள். (அவளிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.) தினமும் காலையில் டிபன் பாக்ஸ் கீழே இருநூறு ரூபாய் வைத்து அனுப்பியிருக்கிறாள். காசில்லாவிட்டால் கை நடுங்கி மெஷினில் விரலை விட்டுவிடுவானோ என்று பயம். வெளியே கடன் வாங்கி அடி வாங்குவானோ என்று பயம். பால் சீட்டுப் பணம், பிறந்த வீட்டில் கொடுத்த தோடு, எல்லாம் அந்த டிபன் பாக்ஸ் வழியாகப் போயிருக்கிறது.

பதினோரு பேரில் ஒருவரும் உச்சுக் கொட்டவில்லை. "நன்றிம்மா" என்றார்கள், அடுத்தவர் ஆரம்பித்தார். நான் சுவரில் ஏழாம் வாய்ப்பாட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸில் இருவரும் பேசவில்லை. எங்கள் நிறுத்தத்தில் இறங்கும்போது, "எவ்வளவு நாளா?" என்று கேட்டேன்.

"நீங்க நோட்டு ஆரம்பிச்ச நாள்லேர்ந்து," என்றாள்.

வீட்டுக்குப் போய் நோட்டைப் பிரித்து அந்தக் கேள்விக்குறிகளைப் பார்த்தேன். ஒரே வீட்டில், ஒரே பையனுக்கு, ஒருத்தர் பூட்டிக்கொண்டும் இன்னொருத்தர் திறந்து விட்டுக்கொண்டும் இருந்திருக்கிறோம். நான் அவளைத் திட்டியிருப்பேன், வழக்கமாக. அன்றைக்கு ஏனோ வாய் வரவில்லை. காப்பி போடட்டுமா என்று அவள் கேட்டாள், சரி என்றேன்.

'அன்போடு விலகியிருத்தல்' என்று அங்கே ஒரு வார்த்தை அடிக்கடி வரும். கேட்க கீதை உபன்யாசம் மாதிரி இருக்கிறது, வீட்டில் எப்படிச் செய்வது என்று எனக்குப் பிடிபடவில்லை. எங்கள் தொழில் வழியாகத்தான் பிடிபட்டது. லைனில் ஏறி வேலை செய்ய எல்.சி. வாங்குவோம், லைன் கிளியர். யார் பெயரில் வாங்கியதோ அவர்தான் இறங்கி வந்து திருப்பிக் கொடுக்க வேண்டும். கீழே நிற்கிறவன் அவசரப்பட்டு, வேலை முடிந்தது, சார்ஜ் பண்ணுங்கள் என்று சொன்னால் மேலே இருப்பவன் உயிர் போகும். 34 வருடம் அந்த விதியை மீறாதவன், வீட்டில் அவன் எல்.சி.யை நான் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். பட்டறை முதலாளிக்கு, காய்ச்சல் என்று நான் போன் பண்ணுவேன். பெட்டிக்கடைக் கடனை நான் கட்டுவேன். வாந்தியை நான் கழுவுவேன். காலையில் எழுந்தால் அவனுக்கு முந்தின நாள் ராத்திரி என்று ஒன்று நடந்ததே தெரியாது.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை இரவு பதினொன்றுக்கு கேட்டுக்கு உள்ளே, செம்பருத்திச் செடியடியில் விழுந்து கிடந்தான். வழக்கமாக நானும் அவளுமாக இழுத்து உள்ளே போட்டு, லுங்கி மாற்றி, முகம் கழுவிவிடுவோம். அன்று செய்யவில்லை. மூச்சு சீராக இருக்கிறதா, அடி ஏதும் பட்டிருக்கிறதா என்று பார்த்தேன். மல்லாக்க விட்டால் வாந்தி மூச்சுக்குழாயில் போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள், அதனால் ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். போர்வை போர்த்தி, கொசுவர்த்தி ஏற்றித் தலைமாட்டில் கொஞ்சம் தள்ளி வைத்தேன். உள்ளே போய்ப் படுத்தேன். தூங்கினேன் என்று பொய் சொல்லமாட்டேன், மூன்று தடவை எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

விடிந்ததும் வந்து நின்றான், முதுகெல்லாம் மண். "ஏம்ப்பா என்னை உள்ளே தூக்கலை?"

"முதுகு வலிடா," என்றேன். அதுவும் நிஜம்தான்.

அன்று கைலியை அவனே துவைத்தான். திங்கட்கிழமை வேலைக்குப் போகமுடியவில்லை, முதலாளிக்கு அவனே போன் பண்ணினான். என்ன சொன்னான் என்று நான் காது கொடுக்கவில்லை. சரி, கொஞ்சம் கொடுத்தேன்.

இப்போது குறைகள்.

அறிவுரை கூடாது என்ற விதி நல்லதுதான், ஆனால் சில இடத்தில் அது போதாது. அடி உதை நடக்கும் வீட்டிலிருந்து வரும் பெண்ணுக்குப் பொறுமையாகக் கேட்கும் காது மட்டும் போதுமா? அப்படி இருப்பவர்கள் கூட்டத்துக்கு வருமுன் 181 பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள், பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். கூட்டம் அதற்குப் பிறகு. அதே மாதிரி இது சிகிச்சைக்கு மாற்று இல்லை. குடிப்பவருக்கு எங்கே சிகிச்சை என்று கேட்க 14446 என்று மத்திய அரசின் இலவச எண் இருக்கிறது.

கடவுள் பேச்சு கொஞ்சம் அதிகம். எந்தச் சாமி என்று சொல்லமாட்டார்கள், 'நம்மைவிட மேலான சக்தி' என்பார்கள். கோயிலுக்குப் போகிற எனக்குச் சிரமமில்லை. கறுப்புச்சட்டைக்கார நண்பர் ஒருவரை அழைத்துப்போனேன், இரண்டாவது வாரமே நின்றுவிட்டார். அவரிடம் இந்தக் கூட்டமே எனக்கு மேலான சக்தி என்று வைத்துக்கொள்ளலாம் என்று அங்கே சொன்னார்கள். எனக்கு அது சரியாகப் பட்டது, அவருக்கு மழுப்பலாகப் பட்டது.

மாடிப்படி, குட்டை பெஞ்சு, கழிப்பறை கீழே. சர்க்கரை இருக்கும் பெரியவர்கள் போய்விட்டு ஏறுங்கள்.

பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு என்று 1957-லிருந்தே அலட்டீன் என்ற தனிக் குழு உலகம் முழுக்க உண்டு. எங்கள் ஊரில் இல்லை. கஞ்சா, வலி மாத்திரை என்று பிள்ளைகள் போகும் வீட்டுக்காரர்கள் வந்தால் உட்கார வைக்கிறார்கள், ஆனால் பேச்சு முழுக்கக் குடியைப் பற்றியே இருக்கும். அவர்களுக்கு நார்-அனான் என்று தனியாக இருக்கிறது, பக்கத்தில் கிடைக்கிறதா என்று விசாரித்துப் போவது நல்லது.

கடைசியாக ஒன்று, நட்சத்திரம் குறைந்தது இதற்குத்தான். 2003-லிருந்து சில்லறை மது விற்பனை முழுவதும் அரசு கையில். நான் மின்கம்பம் நட்ட தெருக்களிலேயே கடை இருக்கிறது. அதைப் பற்றி ஒரு நாள் ஆரம்பித்தேன். "அண்ணா, அது வெளி விஷயம், இங்கே வேண்டாமே," என்று மெதுவாக நிறுத்தினார்கள். வெளி விவகாரத்தில் கருத்துச் சொல்வதில்லை என்பது அவர்கள் மரபு. ஆரம்பித்தால் ஒன்றரை மணி நேரமும் அரசியலிலேயே போய்விடும் என்பது தெரியும். தெரிந்தும் எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. பதினோரு வீடு எரிகிறது, கொள்ளிக்கட்டையைப் பற்றிப் பேசக்கூடாது என்றால் எப்படி?

பெயர் வெளியே போய்விடுமோ என்று பயப்படுபவர்களுக்கு: கூட்டத்தில் என் பக்கத்தில் உட்காருகிற ஒருவரை ரேஷன் கடை வரிசையில் பார்த்தேன். கூட ஆள் இருந்தது. "பருப்பு வந்துடுச்சாங்க?" என்று கேட்டார். வந்துவிட்டது என்றேன். அவ்வளவுதான்.

பையன் விட்டுவிட்டானா என்று கேட்பீர்கள். இல்லை. நடுவில் நாலு மாதம் ஏ.ஏ. கூட்டத்துக்குப் போய்க் குடிக்காமல் இருந்தான். சித்திரையில் மறுபடி தொடங்கினான். போன மாதம் அவனாகவே வார்டில் போய்ச் சேர்ந்தான், நான் ஆட்டோ பிடிக்கவில்லை. பையனை நிறுத்த வைப்பார்களா என்ற ஒரே கேள்வியோடு போனால் ஏமாந்துதான் திரும்புவீர்கள். நான் போனது எனக்காகத்தான் என்று புரிய எனக்கு அந்த ஆறு கூட்டம் வேண்டியிருந்தது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிறேன், ஆனால் டோஸ் குறைந்திருக்கிறது. பத்து மணிக்குப் படுக்கிறேன்.

நோட்டில் நாற்பது பக்கம் மிச்சம் இருந்தது. பின்பக்கத்திலிருந்து அவள் பால் கணக்கு எழுதுகிறாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை டீ என் முறை. பிளாஸ்க் நான் கொண்டுவருவேன். சர்க்கரை வேண்டாதவர்கள் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.